பழைய ஸ்ப்ளெண்டருக்கு எந்த மீட்டர் போடலாம்?

பைக் மீட்டரை மாற்றலாம் என்று நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது அதன் முகத்தைத்தான். டிஸ்ப்ளே நீலமா வெள்ளையா, முள்ளா நம்பரா, கியர் காட்டுமா, ராத்திரியில் எப்படி ஜொலிக்கும். வயரிங் பக்கம் கடைசியாகத்தான் வருகிறார்கள், அதுவும் எலக்ட்ரீஷியன் தலையைச் சொறியும்போது. என்னைக் கேட்டால் வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். வேகத்தை எங்கிருந்து எடுக்கிறது, ஆர்பிஎம்மை, அதாவது இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றை, எங்கிருந்து எடுக்கிறது, பெட்ரோல் அளவை எந்தக் கணக்கில் படிக்கிறது: இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் அந்த மீட்டர் உங்கள் வண்டிக்கு ஆகுமா ஆகாதா என்று கடையில் நின்றபடியே சொல்லிவிடலாம்.

பேசுவதற்கு ஒரு வண்டி வேண்டும் என்பதால் எந்தத் தெருவிலும் ஒன்றாவது நிற்கும் ஸ்ப்ளெண்டரையே எடுத்துக்கொள்கிறேன். 1994இல் ஹீரோ ஹோண்டா கொண்டுவந்தது, அப்புறம் 2020க்கு முன் வந்த ஸ்ப்ளெண்டர் பிளஸ், எல்லாம் கார்புரேட்டர் மாடல்கள். முன் சக்கரத்திலிருந்து வரும் கேபிள், ஒரு வேக முள், ஒரு பெட்ரோல் முள், நியூட்ரல், ஹை பீம், இண்டிகேட்டர் விளக்குகள், அவ்வளவுதான் மீட்டர். கேபிள் மீட்டர் வைத்த மற்ற பழைய வண்டிகளுக்கும் கீழே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

கடைக்குப் போகும் முன், மீட்டர் நிஜமாகவே செத்துவிட்டதா என்று பாருங்கள். கேபிள் மீட்டருக்குள் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. முன் பிரேக் பிளேட்டில் ஒரு பல்சக்கரமும் அதோடு ஓடும் பினியன் என்ற சின்னப் பல்சக்கரமும் இருக்கும்; சக்கரம் சுற்றினால் பினியன் கேபிளைச் சுற்றும், கேபிள் மீட்டருக்குள் இருக்கும் காந்தத்தைச் சுற்றும். காந்தத்தைத் தொடாமல் ஆனால் மிக அருகில் ஒரு அலுமினியக் கிண்ணம். காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி அதுவும் கூடவே திரும்பப் பார்க்கும், மெல்லிய ஸ்பிரிங் ஒன்று அதைப் பிடித்து இழுக்கும், இரண்டு இழுவையும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். ஓட்டோ ஷூல்ட்சே என்ற ஜெர்மானியர் 1902இல் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு. இன்றைக்கும் நம் தெருவில் ஓடிக்கொண்டிருக்கிறது. வேகம் காட்ட பேட்டரி வேண்டாம், வயர் வேண்டாம். கிலோமீட்டர் எண்களை மட்டும் தனியாகச் சின்னச் சின்னப் பல்சக்கரங்கள் ஓட்டும்.

இது தெரிந்தால் கோளாறை வீட்டிலேயே பிரித்துவிடலாம். முள், கிலோமீட்டர் இரண்டுமே நின்றுவிட்டால் சந்தேகப்பட வேண்டியது கேபிளையும் பினியனையும். இரண்டும் மீட்டர் விலையில் சிறு பகுதிதான். முள் நடுங்கிக்கொண்டே இருந்தால் கேபிள் காய்ந்திருக்கும், இல்லையென்றால் ஹேண்டில் பக்கம் எங்கோ கூர்மையாக மடங்கியிருக்கும். உள் கம்பியை உருவித் துடைத்து கிரீஸ் போட்டு மாட்டுங்கள், மேல் முனையில் மட்டும் கிரீஸ் வேண்டாம், அது மீட்டருக்குள் ஏறிவிடும். முள் ஒழுங்காக வேலை செய்து எண் மட்டும் ஓடவில்லை என்றால் உள்ளே பல்சக்கரம் போயிருக்கிறது. எண் ஓடி முள் எழவில்லை அல்லது பாதியில் சிக்குகிறது என்றால் கிண்ணமோ ஸ்பிரிங்கோ. கடைசி இரண்டில்தான் மீட்டர் மாற்றும் பேச்சே வர வேண்டும்.

சரி, மீட்டர்தான் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆசையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் முதல் வழி அதே மீட்டரைப் புதிதாக வாங்கிப் போடுவது. ஷோரூம் ஸ்பேர்ஸ் கவுன்டரில் கேட்கலாம், நல்ல ஸ்பேர்ஸ் கடையில் பெயருள்ள கம்பெனி மீட்டரும் கிடைக்கும். கோவை பிரிக்கால் போன்ற நிறுவனங்கள் வண்டி தயாரிப்பாளர்களுக்கே மீட்டர் செய்து கொடுப்பவை, ஆகவே ஷோரூம் பெட்டியில் வராததெல்லாம் டூப்ளிகேட் என்று நினைக்க வேண்டாம். வயர்களை இணைக்கும் கப்ளர் அப்படியே உட்காரும், கேபிள் அப்படியே திருகும், ஸ்டே துளைகள் பொருந்தும், ஒரு டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும். ஒரே எச்சரிக்கை, ஸ்ப்ளெண்டர் என்ற பெயரிலேயே பல வகை இருக்கின்றன, ஹெட்லைட்டும் மீட்டரும் உட்காரும் முன் மூடியான டூமின் வடிவமும் கப்ளரும் வருடத்துக்கு வருடம் மாறியிருக்கின்றன. வாயால் மாடல் சொல்லி வாங்காமல் பழைய மீட்டரைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போங்கள்.

இதே வடிவத்தில் பெயர் தெரியாத லோக்கல் மீட்டரும் கிடைக்கும், பாதி விலைக்கு. எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. கண்ணாடி வெயிலில் மஞ்சளாகும், மழையில் உள்ளே ஆவி பிடிக்கும் என்பதெல்லாம் போகட்டும், பெரிய சிக்கல் வேறு. ஒரு கிலோமீட்டருக்குக் கேபிள் எத்தனை முறை சுற்ற வேண்டும் என்ற கணக்கில்தான் ஒவ்வொரு மீட்டரும் அளவு பிரிக்கப்பட்டிருக்கும். உலகம் முழுக்கப் பல பைக் மீட்டர்களில் அது 1400 சுற்று. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்றால் நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர், ஆக கேபிள் நிமிடத்துக்கு 1400 சுற்று சுற்றும்போது அந்த மீட்டர் 60 காட்டும். உங்கள் சக்கரத்துப் பினியன் கிலோமீட்டருக்கு 1000 சுற்றுதான் கொடுக்கிறது என்றால் அதே மீட்டர் 60இல் போகும்போது 43 காட்டும். வடிவம் பொருந்துகிறது, கேபிள் திருகுகிறது, ஆனால் கணக்கு வேறு. இந்த எண் சில மீட்டர்களின் முகத்திலேயே சின்னதாக அச்சிட்டிருக்கும். இல்லாவிட்டால் மாட்டிவிட்டு மொபைல் ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் வழி.

செகண்ட் ஹேண்ட் மீட்டர் என்றால் சென்னைக்காரர்களுக்குப் புதுப்பேட்டை, மற்ற ஊர்க்காரர்களுக்கு அந்தந்த ஊர்க் காயலான் கடை. நிறுத்தப்பட்ட மாடல்களுக்குப் பெரும்பாலும் இதுதான் வழி, அப்போது தயங்க வேண்டியதில்லை. ஸ்ப்ளெண்டர் போலப் புதிதாகவே கிடைக்கிற மீட்டருக்கு இதில் மிச்சமாகும் பணம் கொஞ்சம்தான், அதோடு வேறு யாருடைய கிலோமீட்டர் எண்ணோ உங்கள் வண்டியில் ஏறிவிடும். அது பின்னால் விற்கும்போது தலைவலி.

அடுத்து, அதே குடும்பத்துப் புது மாடலின் மீட்டரைப் பழைய வண்டியில் மாட்டும் ஆசை. 2022இல் ஸ்ப்ளெண்டர் பிளஸ் எக்ஸ்டெக் முழு டிஜிட்டல் மீட்டரும் புளூடூத்தும் வைத்து வந்ததிலிருந்து இந்தக் கேள்வி கூடிவிட்டது. ஒரே பெயர், ஒரே டூம் மாதிரி தெரிகிறது, மாட்டினால் என்ன? மாட்டலாம், வேலை செய்யாது. அந்த மீட்டருக்குக் கேபிள் சுழற்சி பிடிக்காது, மின் சிக்னல் வேண்டும். அது பிஎஸ்6 புகை விதிப்படி வந்த வண்டி, 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் சமாச்சாரம். அதன் மீட்டர் இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான இசியூவோடு சேர்ந்து வேலை செய்யும்படி அமைக்கப்பட்டது, கார்புரேட்டர் வண்டியில் அந்த இசியூவே இல்லை. டேங்கில் பெட்ரோல் அளவைப் பார்க்கும் ஃப்ளோட்டின் கணக்கும் ஒன்றாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. பல்சரில் முள் மீட்டரிலிருந்து டிஜிட்டலுக்கு மாறிய காலத்திலும் இதே ஆசை ஓடியது. சென்சார், அதற்கேற்ற முன் சக்கர பாகம், வயரிங் என்று மொத்தமாக மாற்றியவர்களுக்கு வேலை செய்தது, மீட்டரை மட்டும் வாங்கி வந்தவர்களுக்கு அலமாரியில் அழகாக இருந்தது.

இப்போது எல்லோரும் கேட்கும் விஷயத்துக்கு வருவோம். "எல்லா பைக்குக்கும் பொருந்தும்" என்று ஆன்லைனிலும் சென்னை ஜி.பி. ரோடு கடைகளிலும் விற்கும் சீன யுனிவர்சல் டிஜிட்டல் மீட்டர். ஏழு கலர், 199 வரை வேகம், ஆர்பிஎம் பட்டை, கியர் எண், விலை இரண்டாயிரம் ரூபாயை ஒட்டி. இதை ஒரேயடியாக மோசம் என்று தள்ள மாட்டேன். ஆனால் இது மீட்டர் மட்டும்தான், மற்ற எல்லாவற்றையும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

வேகத்திலிருந்து தொடங்கலாம். இவற்றில் சில கேபிளையே நேராக ஏற்றுக்கொள்ளும், சில சக்கரத்தில் ஒட்டும் காந்தத்தையும் ஃபோர்க்கில் கட்டும் சென்சாரையும் கேட்கும். காந்த வகைதான் துல்லியமாக இருக்க வாய்ப்பு அதிகம், ஒரு நிபந்தனையோடு: சக்கரத்தின் சுற்றளவை மில்லிமீட்டரில் கொடுக்கும் வசதி மீட்டரில் இருக்க வேண்டும். மலிவான பலவற்றில் "17 இன்ச், 18 இன்ச்" என்று ரிம் அளவை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள், இன்னும் மலிவானவற்றில் அதுவும் இல்லை, தொழிற்சாலையில் எந்தச் சக்கரத்துக்கு வைத்தார்களோ அதுதான். ஸ்ப்ளெண்டரின் 2.75-18 முன் டயருக்கு ஏட்டுக்கணக்கில் சுற்றளவு சுமார் 1875 மில்லிமீட்டர். அதே டயர் அகலத்தில் 17 இன்ச் என்று மீட்டர் நினைத்துக்கொண்டால் சுமார் 1795. வித்தியாசம் நான்கு சதவீதத்துக்கு மேல், அதுவும் தப்பான திசையில்: நீங்கள் 60இல் போக மீட்டர் 57 சொச்சம் காட்டும். ஸ்பீடோமீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டலாம், உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்பதுதான் ஐநா வாகன விதிகளில் உள்ள கணக்கு, கம்பெனி மீட்டர்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று கிலோமீட்டர் கூடக் காட்டுவதற்கு அதுவே காரணம். சுற்றளவை ஏட்டிலிருந்து எடுக்காமல் அளந்தே போடுங்கள். டயரில் சாக்பீஸால் ஒரு கோடு, தரையில் ஒரு கோடு, வண்டி மேல் ஒருவர் உட்கார்ந்திருக்க ஒரு முழுச் சுற்று தள்ளி அடுத்த கோடு, நடுவில் டேப். ஆள் எடையில் டயர் அமுங்குவதால் ஏட்டுக்கணக்கைவிடக் கொஞ்சம் குறைவாக வரும், அந்த எண்தான் சரி.

ஆர்பிஎம் விஷயத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஃபோர் ஸ்ட்ரோக் சிங்கிள் சிலிண்டர் இன்ஜினில் பிளக் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை தீப்பொறி விட்டால் போதும், ஆனால் தீப்பொறியை விட வைக்கும் சிடிஐ பெட்டிக்குச் சிக்னல் தரும் பல்ஸ் காயில் கிராங்கோடு சுற்றும் மேக்னட்டைப் பார்த்தே வேலை செய்வதால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி விழும், ஒன்று வேலைக்கு, ஒன்று வீணுக்கு. மீட்டர் செட்டிங்கில் ஒரு சுற்றுக்கு ஒரு பல்ஸ் என்று வைக்க வேண்டும். தப்பாக வைத்தால் ஐடிலில் 1400 வாக்கில் இருக்க வேண்டியது 700 அல்லது 2800 என்று காட்டும், அதைப் பார்த்ததும் மெக்கானிக் கார்புரேட்டர் ஸ்குரூவைத் திருகத் தொடங்கிவிடக் கூடாது. இதில் ஆபத்தும் ஒன்று இருக்கிறது. சிடிஐயிலிருந்து காயிலுக்குப் போகும் வயரில் நூற்றுக்கணக்கான வோல்ட் பாயும். மீட்டரின் ஆர்பிஎம் வயரை நேராக அங்கே ஒட்டினால் அதைத் தாங்கும்படி செய்யாத மீட்டர் அன்றைக்கே போய்விடும். பிளக் வயரின் ரப்பர் மேலேயே நாலைந்து சுற்று சுற்றிவிடுவது பாதுகாப்பான வழி, மீட்டர் அந்த முறையை ஏற்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ரெசிஸ்டர் இல்லாத பிளக் கேப் இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் தீப்பொறி கிளப்பும் மின் குறுக்கீட்டில் டிஸ்ப்ளே தானாகவே அணைந்து எரியும்.

பெட்ரோல் முள்ளில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். டேங்குக்குள் இருக்கும் ஃப்ளோட் ஒரு மாறும் மின்தடை, அவ்வளவுதான். டேங்க் நிறைந்தால் ஒரு ஓம் அளவு, காலியானால் வேறொன்று. மீட்டர் 100 ஓமுக்கோ 510 ஓமுக்கோ செய்யப்பட்டிருக்கும், உங்கள் ஃப்ளோட் வேறெதாவது இருக்கும். சிலவற்றில் திசையே தலைகீழ், நிறைத்தால் காலி என்று காட்டும். மல்டிமீட்டர் வைத்து டேங்க் நிறைந்தபோதும் ரிசர்வ் விழும்போதும் ஒரு தடவை அளந்து வைத்துக்கொண்டு, அந்த எண்ணுக்கு செட்டிங் உள்ள மீட்டரைத் தேடுங்கள். செட்டிங்கே இல்லாத மீட்டர் என்றால் பெட்ரோல் பட்டை வெறும் அலங்காரம்.

மீதி வயர்கள் அவ்வளவு கஷ்டமில்லை, ஆனாலும் இரண்டு சொல்ல வேண்டும். நியூட்ரல் சுவிட்ச் எர்த்தோடு இணைக்கும் வகை, மீட்டரின் நியூட்ரல் விளக்கு பாசிட்டிவை எதிர்பார்க்கும் வகையாக இருந்தால் எரியாது. இன்னொன்று, பழைய ஸ்ப்ளெண்டர்களில் ஹெட்லைட் பேட்டரியில் ஓடவில்லை, மேக்னட்டிலிருந்து வரும் ஏசியில் ஓடியது. ஹை பீம் வயரை அப்படியே டிஜிட்டல் மீட்டருக்குக் கொடுத்தால் அந்த விளக்கு சிமிட்டும், அதிகமானால் உள்ளே ஏதாவது எரியும். நடுவில் ஒரு டயோடாவது வேண்டும். முள் மீட்டர் கண்டுகொள்ளாத இன்னொரு விஷயம் பேட்டரி. கிக் அடித்தே ஓட்டிப் பழகி, பேட்டரி செத்ததே தெரியாமல் ஓடும் வண்டிகள் ஏராளம். அவற்றில் டிஜிட்டல் மீட்டர் ஒவ்வொரு ஹாரனுக்கும் ரீசெட் ஆகும். ரெகுலேட்டர் கெட்டு 16 வோல்ட் வந்தால் மீட்டரே போகும். ஆக்சிலேட்டர் கொடுத்து பேட்டரி முனையில் 14 முதல் 14.5 வோல்ட்டுக்குள் நிற்கிறதா என்று பார்த்த பிறகு மீட்டர் வாங்குவதுதான் புத்தி.

வெயிலையும் கணக்கில் எடுங்கள். மே மாதம் தார் ரோட்டோரம் மதியம் முழுக்க நிற்கும் வண்டியில் மலிவான எல்சிடி கறுத்துப்போகும், மேல் ஃபிலிம் தீய்ந்து திட்டுத் திட்டாகும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வரும் வகை கடைக்குள் அட்டகாசமாக இருக்கும், பகல் பன்னிரண்டு மணிக்கு ஒன்றும் தெரியாது. வாங்கும் முன் கடைக்கு வெளியே எடுத்து வந்து பாருங்கள்.

இந்தத் தொல்லை எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பவை தைவானின் கோசோ, ஏஸ்வெல் போன்ற பெயருள்ள மீட்டர்கள். சுற்றளவு, பல்ஸ், ஃப்ளோட் ஓம் எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளலாம், சென்சார் கூடவே வரும், வயரிங் படம் புரியும்படி இருக்கும். நல்ல பொருள் என்பதில் சந்தேகமில்லை. விலைதான் பத்தாயிரத்தைச் சுலபமாகத் தாண்டும், வேலைக்கூலி தனி. கஃபே ரேசராகவோ ஸ்கிராம்ப்ளராகவோ முழு வண்டியையும் பிரித்துக் கட்டுபவருக்கு இது நியாயமான செலவு, டூமே போய்விட்ட வண்டியில் பழைய மீட்டரை எங்கே மாட்டுவது? தினம் ஆபீஸ் போகும் ஸ்ப்ளெண்டரில் இதைப் போடுவதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை, ஆசை என்பதைத் தவிர. ஆசையும் காரணம்தான், அதை மறுக்கவில்லை.

அதிகம் பேர் யோசிக்காத ஒரு வழியும் உண்டு. பழைய மீட்டரை அப்படியே வைத்துவிட்டு, உங்களுக்கு எது இல்லையோ அதை மட்டும் பக்கத்தில் சேர்ப்பது. ஒரு சின்ன வோல்ட் மீட்டர், வேண்டுமென்றால் ஒரு தனி ஆர்பிஎம் மீட்டர், கடிகாரம். ஆர்பிஎம் மீட்டர் கெட்டால் வேகம் நிற்காது, வோல்ட் மீட்டர் கெட்டால் பெட்ரோல் முள் நிற்காது. டிஜிட்டல் தோற்றம் வராது, உண்மைதான், ஆனால் தகவல் வரும்.

ஆகவே என் கணக்கு இப்படிப் போகிறது. தினசரி ஓடும் வண்டி, மீட்டர் செத்துவிட்டது: அதே மீட்டர், பெயருள்ள கம்பெனி, வேறு யோசனையே வேண்டாம். கூடுதல் தகவல் வேண்டும்: தனித்தனியாகச் சேருங்கள். தோற்றம்தான் வேண்டும், பணமும் கொஞ்சம்தான்: யுனிவர்சல் டிஜிட்டல், ஆனால் சுற்றளவும் ஓமும் மாற்றும் வசதி உள்ளது மட்டும், அதுவும் மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்த எலக்ட்ரீஷியன் கையில் மட்டும், ஏற்கெனவே உள்ள வயரிங்கை வெட்டாமல் தனிக் கப்ளர் போட்டு. ஏபிஎஸ், இன்ஜெக்‌ஷன் உள்ள பிஎஸ்6 வண்டி என்றால் யுனிவர்சல் மீட்டர் பக்கமே போக வேண்டாம். எச்சரிக்கை விளக்குகள் மீட்டரோடு சேர்ந்தே போய்விடும், பழுது வந்தாலும் உங்களுக்குத் தெரியாது.

சட்டம் பற்றியும் கேட்பார்கள். வேலை செய்யும் ஸ்பீடோமீட்டர் இருக்க வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 117ஆம் விதி. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவது பற்றி மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு பேசுகிறது. கம்பெனி மீட்டரையே திரும்பப் போடுபவருக்கு இதில் கவலைப்பட ஒன்றும் இல்லை. யுனிவர்சல் போடுபவர்கள் பழைய மீட்டரைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பது நல்லது.

எந்த மீட்டரானாலும் மாற்றும் நாளில் பழைய மீட்டரின் எண் தெரியும்படி தேதியோடு ஒரு போட்டோ எடுங்கள், சர்வீஸ் புத்தகத்திலும் பில்லிலும் அந்தக் கிலோமீட்டரை எழுதி வாங்குங்கள். புது மீட்டர் பூஜ்யத்திலிருந்து ஓடும். ஆயில் மாற்றும் கணக்குக்கு இந்தப் பழைய எண் வேண்டும், நாளைக்கு வண்டியை வாங்க வருபவர் முன்னால் நீட்டவும் வேண்டும். "குறைவாக ஓடிய வண்டி" என்று சொல்லி விற்கலாமே என்று யாராவது யோசனை சொன்னால், அது மோசடி.